18,000 ரூபாய்னு சொல்றாங்க, நம்பி அட்வான்ஸ் போடலாமா அக்கா?

கேள்வி: அக்கா, நாங்க பெங்களூர்ல பத்து வருஷமா இருக்கோம். வீட்டுக்காரருக்கு மதுரைக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி அவர் முன்னாடியே போயிட்டாரு. நான், மாமியார், ரெண்டு பிள்ளைங்க, வைகாசி முடியறதுக்குள்ள போய்ச் சேரணும். டூ பெட்ரூம் வீட்டு சாமான். வீட்டு சாமான் ஏத்திக்கிட்டுப் போற பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆளுங்களைத் தேடி நெட்ல நம்பர் போட்ட அஞ்சே நிமிஷத்துல எட்டு பேர் கூப்பிட்டுட்டாங்க. ஒருத்தர் போன்லயே 18,000ங்கிறாரு, இன்னொருத்தர் வீட்டுக்கு வந்து எல்லாம் பார்த்துட்டு 34,000 சொன்னாரு. என் வீட்டுக்காரர் 18,000 ஆளுக்கே அட்வான்ஸ் போட்டுடலாம்னு நிக்கிறாரு. அத்தை கிரைண்டரையும் பித்தளை சாமானையும் விட்டுட்டு வரமாட்டேங்கிறாங்க. ராத்திரி தூக்கமே வரல அக்கா. - ஒரு வாசகி, பெங்களூர்

பதில்: முதல்ல அந்த அட்வான்ஸ நிறுத்துங்க தங்கச்சி, மத்ததெல்லாம் அப்புறம். உங்க வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காம போன்லயே ஒருத்தர் 18,000ங்கிறார்னா அவர் எந்தக் கட்டிலுக்கு, எத்தனை பெட்டிக்கு அந்த விலைய சொன்னாரு? லோடு ஏத்துற அன்னைக்கு வந்து, மேடம் நீங்க பீரோ ரெண்டுன்னு சொல்லவே இல்லையே, சாமான் ஜாஸ்தி, வண்டி பெருசு வேணும்னு ஆரம்பிப்பாங்க. அப்போ சாமான் பாதி லாரில, பாதி படிக்கட்டுல, வீட்டு ஓனர் சாவிக்கு நிக்கிறாரு, பிள்ளைங்க பசிக்குதுங்குது, நீங்க என்ன பேரம் பேசுவீங்க? கேட்டதைக் கொடுத்துட்டுதான் வருவீங்க.

34,000 சொன்னவரும் நல்லவர்னு நான் சொல்லல. ஆனா அவர் வந்து பார்த்தாரு, அது பெரிய விஷயம். இன்னும் ரெண்டு பேரை வரவழைச்சு பரண், பால்கனி செடி, கட்டிலுக்கு அடியில இருக்கிறது வரைக்கும் காட்டி, சாமான் லிஸ்ட் எழுதச் சொல்லுங்க. அந்த லிஸ்டுக்குக் கீழயே பேக்கிங், ஏத்துகூலி, இறக்குகூலி, டோல், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து இவ்வளவுன்னு எழுதி வாங்குங்க. மதுரைல எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கா, தெருவுக்குள்ள லாரி வருமா, இதையும் அதுலயே எழுதணும். லாரி நுழையாத தெருவா இருந்தா மெயின் ரோட்ல நிறுத்தி குட்டி யானையில மாத்தித்தான் கொண்டு வரணும், அந்தக் காசு யார் கொடுக்கிறதுன்னு அங்க போய் நின்னு சண்டை போடக்கூடாது பாருங்க.

இன்னொண்ணு கேளுங்க, தனி வண்டியா, ஷேரிங் லோடான்னு. 18,000 ஷேரிங்கா இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதுல தப்பில்ல, ஆனா நாலு வீட்டு சாமானோட சேர்ந்து குடோன்ல இறக்கி ஏத்தி வரும், நாலு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். தனி வண்டின்னா சாயங்காலம் கிளம்பி ஓசூர், சேலம், கரூர், திண்டுக்கல் வழியா மறுநாள் காலைல மதுரை வந்துடும். வயசானவங்களையும் பிள்ளைங்களையும் வெச்சுக்கிட்டு வெறும் தரையில ஒரு வாரம் படுக்க முடியாது, தனி வண்டியே போங்க. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், முகூர்த்த நேரம், ரேட்டு ஏறித்தான் இருக்கும். சனி ஞாயிறும் மாசக் கடைசியும் இல்லாம நடுவாரத்துல ஒரு நாள் கேட்டுப் பாருங்க, குறையும்.

ஓசூர் தாண்டணும்னா டாக்ஸ் கட்டணும் மேடம்னு யாராவது வழியில போன் போட்டா ஒரு பைசா அனுப்பாதீங்க. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்பவே அந்த நுழைவு வரியெல்லாம் போயிடுச்சு. நாம புழங்கின வீட்டு சாமானுக்கு, சரக்கு கொண்டு போக ஆன்லைன்ல எடுக்கிற இ-வே பில்லும் தேவையில்ல, விதியிலயே விலக்கு இருக்கு.

அத்தையோட கிரைண்டருக்கு வரேன், ஏன்னா நான் அடிபட்டதே அதுலதான். சென்னையிலேர்ந்து திருநெல்வேலிக்கு நாங்க மாறினப்போ பேக் பண்ண வந்த பையன் கிரைண்டரைக் கல்லோடவே சுத்திட்டான், நானும் பார்த்துக்கிட்டுதான் நின்னேன், தோணல. வழியில எந்த ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கிப் போட்டுச்சோ, கல்லு வெளிய வந்து பக்கத்துல நின்ன ஃபிரிட்ஜ் கதவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். கேட்டா நான் கையெழுத்துப் போட்ட லிஸ்டையே எடுத்துக் காட்டுறாங்க. ஃபிரிட்ஜ், டிவி, பீரோன்னு வரிசையா எல்லாத்துக்கும் நேரா ‘ஓல்டு, ஸ்க்ராட்ச், டென்ட்’னு, அதாவது பழசு, கீறல், நசுங்கல்னு, அவங்களே முன்கூட்டி எழுதி வெச்சிருக்காங்க, நான் அவசரத்துல படிக்காமப் போட்டுட்டேன். ஒரு ரூபா கிடைக்கல. அதனாலதான் இவ்வளவு தூரம் சொல்றேன்மா, நல்லா இருக்கிற சாமானுக்கு நேரா அப்படி எழுதியிருந்தா அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, பேக் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் நாலு பக்கமும் போட்டோ எடுங்க, பெட்டிக்கு மேல நம்பர் போடுங்க. கிரைண்டர் கல்லைக் கழட்டி, கோணியில சுத்தி, தனியா கீழ வைக்கச் சொல்லுங்க. பித்தளை அண்டாவுக்குள்ள பழைய புடவை திணிச்சு நடுவுல குடம், செம்பு எல்லாம் அடுக்கினா நசுங்காது, அத்தைகிட்டயே அந்த வேலையைக் கொடுங்க, அவங்களுக்கும் நிம்மதி.

இன்சூரன்ஸ்னு சாமான் மதிப்புல மூணு சதவீதம் கேட்பாங்க. கொடுத்தீங்கன்னா இன்சூரன்ஸ் கம்பெனி பேர்ல பாலிசி பேப்பர் வாங்குங்க, அவங்க பில்லுல ஒரு வரி எழுதிக் கொடுக்கிறது பாலிசி ஆகாது. வண்டி கவிழ்ந்தா மட்டுமா, உடைஞ்சாலும் உண்டான்னும் கேளுங்க. பில் இல்லாமன்னா ஜிஎஸ்டி மிச்சம்னு ஆசை காட்டுவாங்க, அந்த மிச்சம் வேண்டாம், பில்லும் லாரி ரசீதும் இல்லாம எதையும் கேட்க முடியாது. சாமான் உடைஞ்சாலோ காணாமப் போனாலோ புக் பண்ணின நாள்லேர்ந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும்னு சாலைவழி சரக்கு சட்டத்துல இருக்கு. நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் சொல்லலாம், கேஸ் போடற அளவுக்குப் போனா நீங்க குடியிருக்கிற மதுரைலயே நுகர்வோர் கோர்ட்ல போடலாம், பெங்களூர் அலைய வேண்டியதில்ல. லாரியை நடுவழியில நிறுத்திட்டு பணம் கேட்டு மிரட்டினா தனியா வாதாடாதீங்க, எழுதி வாங்கின பேப்பரோட போலீஸ்கிட்ட போங்க.

மத்தபடி சின்னச் சின்ன வேலைங்க. ஃபிரிட்ஜை முந்தின நாளே ஆஃப் பண்ணி தண்ணி வடியவிடுங்க, மதுரைல இறக்கினதும் நாலஞ்சு மணி நேரம் நிக்க வெச்சுட்டு அப்புறம் சுவிட்ச் போடுங்க. வாஷிங் மெஷின் ஃப்ரண்ட் லோடுன்னா உள்ள டிரம் ஆடாம இருக்க, வாங்கினப்போ பின்னாடி கழட்டின போல்ட்டைத் தேடி மாட்டணும். ஸ்கூட்டர் கர்நாடகா நம்பரா இருந்தா ஆர்டிஓல என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்கிடுங்க, 12 மாசத்துக்கு மேல மதுரைல ஓட்டப் போறீங்கன்னா தமிழ்நாட்டு நம்பருக்கு மாத்தணும். அப்பார்ட்மென்ட்ல லிஃப்ட் டைமும் கேட் பாஸும் முன்னாடியே சொல்லி வெச்சுக்கோங்க. நகை, சர்டிஃபிகேட், பத்திரம், மாத்திரை எல்லாம் உங்க கையில.

கேஸ் சிலிண்டரை லாரில ஏத்த விடாதீங்க, ஏஜென்சில சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சு வவுச்சர் வாங்கிக்கிட்டா மதுரைல அதைக் காட்டி கனெக்ஷன் எடுத்துக்கலாம். அது கைக்கு வர ரெண்டு மூணு நாள் ஆகலாம், அதனால பால் காய்ச்சறதுக்கு இன்டக்ஷன் அடுப்பு, பால் பாத்திரம், ஒரு கிலோ அரிசி, உப்பு, மஞ்சள், சாமி விளக்கு இதெல்லாம் ஒரே பையில போட்டு நீங்க வர்ற ரயில்லயோ கார்லயோ உங்க காலடியில வெச்சுக்கோங்க, லாரி மதியம் வந்தாலும் நல்ல நேரம் காத்திருக்காது.