காய்ச்சல் விட்டும் வீட்டுக்கு விடவில்லை!

கேள்வி: என் நான்கு வயது மகன் டெங்குவுக்காக மருத்துவமனையில் இருக்கிறான். நேற்றே காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் அனுப்ப மறுக்கிறார்கள். பில்லை ஏற்றத்தான் என்கிறார் என் மாமியார். வீட்டில் மூத்தவள் போனில் அழுகிறாள். கிளம்பிவிடலாமா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: கிளம்பாதீர்கள், அம்மா. குழந்தைகள் வார்டில் 26 வருடம் செவிலியராக இருந்தவள் சொல்கிறேன். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் பொல்லாத நேரம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடக்கூடும். அந்த 24 முதல் 48 மணி நேரத்தைத் தாண்டத்தான் காத்திருக்கிறார்கள். எல்லாரும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையே கேட்டு மருத்துவரைக் குடைகிறார்கள்; ஹிமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்றும் கேளுங்கள். நீர் கசிந்து ரத்தம் கெட்டியானால் அது ஏறும்.

அவன் தூங்கும்போது பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டிருந்தாலோ, வயிறு வலித்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நள்ளிரவு என்று தயங்க வேண்டாம். சிடுசிடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நானும் சிடுசிடுத்தவள்தான், ஆனால் ஓடி வந்திருக்கிறேன்.

மாமியாரிடம் வாதாடாதீர்கள். ராத்திரி மூத்தவளோடு படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டியின் சேலை வாசனையில் அழுகை அடங்கிவிடும். பகலில் இருவருமாக மொட்டைமாடித் தொட்டியையும் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டையும் கவிழ்த்துத் தேய்த்து வைக்கட்டும். கொசு முட்டையிடுவது அங்கேதான்.