92,000 ரூபாய்க்கு கார் ஸ்பீக்கர்: எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டுத் தவணையில் போடலாமா?

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வயது 34. பிடித்தம் போக கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. வாடகை 11,000, கார் கடன் தவணை 11,800 (இன்னும் மூன்று வருடம் இருக்கிறது), வீட்டுச் செலவு 20,000, ஊரில் அப்பா அம்மாவுக்கு 5,000, மகள் படிப்புக்கு எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் தொகை) 5,000. சேமிப்புக் கணக்கில் 70,000 வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு 40,000 போனஸ் வரும். வாராவாரம் சேலம் போய் வருகிறேன். வழியெல்லாம் பாட்டுதான் துணை. ஆனால் காரோடு வந்த ஸ்பீக்கர்களில் கொஞ்சம் சத்தம் கூட்டினாலே கரகரக்கிறது. கடையில் 92,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள்: முன் கதவு காம்போனென்ட் ஸ்பீக்கர் (கீச்சு ஒலிக்கும் கனத்த ஒலிக்கும் தனித்தனி ஸ்பீக்கர் உள்ள செட்) 18,000, பின் ஸ்பீக்கர் 7,000, நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் (நான்கு ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனியாகச் சக்தி கூட்டித் தரும் பெட்டி) 20,000, 12 அங்குல சப்வூஃபர் (கனத்த பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) அதற்கான தனி ஆம்ப்ளிஃபயரோடு 30,000, நான்கு கதவுக்கும் டேம்பிங் (தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் ஷீட்) 9,000, வயரிங்கும் கூலியும் 8,000. கிரெடிட் கார்டில் 12 மாத ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ (வட்டி இல்லை என்று சொல்லும் தவணை), மாதம் 7,667. ஒரு வருடம் எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டு இதைப் போடலாமா? வீண் செலவு என்கிறார் மனைவி.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஓசூர்

பதில்: ஸ்பீக்கர் போடுங்கள். ஆனால் 92,000-க்கு வேண்டாம், தவணையில் வேண்டாம், மகளின் எஸ்.ஐ.பி.யில் கை வைக்கவும் வேண்டாம்.

இதை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். வாரத்தில் ஐந்தாறு மணி நேரம் நீங்கள் அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால்தான் இருக்கிறீர்கள். அந்த நேரத்தை நல்லபடியாகக் கழிக்கப் பணம் செலவழிப்பதில் தப்பே இல்லை. அதே சமயம் இதை முதலீடு என்றும் யாரும் சொல்லிவிட வேண்டாம். காரை விற்கும்போது ஸ்பீக்கருக்கென்று ஒரு ரூபாய்கூடச் சேர்த்துத் தர மாட்டார்கள். இது ஆசைச் செலவு. ஆசைச் செலவைக் கையில் இருக்கும் காசில் செய்ய வேண்டும்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். மாதச் செலவு, தவணை, எஸ்.ஐ.பி. எல்லாம் சேர்ந்து 52,800. மீதி 5,200. தவணையோ 7,667. எஸ்.ஐ.பி.யை நிறுத்தினால் சமாளிக்கலாம் என்பது சரிதான், ஆனால் அந்த ஒரு வருடத்தில் அவசரத் தேவைக்கு நீங்கள் சேர்ப்பது மாதம் சுமார் 2,500 ரூபாயைத் தாண்டாது. இப்போது இருக்கும் 70,000, வேலைக்கு ஏதாவது ஆனால் ஒன்றரை மாதம்கூடத் தாங்காது. வீட்டில் ஒரே சம்பளம், சின்னக் குழந்தை, வயதான பெற்றோர். என்னைக் கவலைப்பட வைப்பது இந்த எண்தான், ஸ்பீக்கர் விலை அல்ல. குறைந்தது மூன்று மாதச் செலவு, அதாவது சுமார் 1.6 லட்சம், உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

அடுத்து அந்த ‘நோ காஸ்ட்’. கிரெடிட் கார்டுத் தவணையில் வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது. பூஜ்ய சதவீத வட்டித் திட்டங்கள் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. இங்கே நடப்பது என்னவென்றால், வங்கி வாங்கும் வட்டியை முன்கூட்டியே விலையில் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள். வங்கி வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 92,000-இல் சுமார் 84,500 அசல், மீதி 7,500 வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 1,350 ரூபாய். அது உங்கள் தலையில்தான் விழும். அதற்கு மேல் பிராசஸிங் கட்டணம் வேறு. ஒரு மாதம் பில் கட்டத் தவறினால் கார்டு வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டிப் போய்விடும். இதில் உங்களுக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு: தவணையில் விற்று 84,500 வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் கடைக்காரருக்கு, ரொக்கத்துக்கும் அந்த விலைக்கு இறங்கி வர இடம் இருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

சரி, கொட்டேஷனுக்கு வருவோம். அதில் நீங்கள் கேட்டதும் இருக்கிறது, கேட்காததும் இருக்கிறது.

பின் ஸ்பீக்கர் 7,000-ஐ முதலில் அடித்துவிடுங்கள். ஓட்டுபவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பாட்டும் முன்னால் இருந்து வந்தால்தான் நன்றாக இருக்கும். பின்னால் உட்காரும் மகளுக்குப் பழைய ஸ்பீக்கரே போதும்.

உங்கள் கார் சின்ன டிக்கி உள்ள ஹேட்ச்பேக்காக இருந்தால், 12 அங்குல சப்வூஃபருக்கு வரும் பெட்டி பாதி டிக்கியை அடைத்துக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது பைகளை எங்கே வைப்பீர்கள்? எண்பதுகளின் பாடல்களில் ஓடும் பேஸ் கிட்டாரைத் தெளிவாகக் கேட்க 12 அங்குலம் தேவையில்லை. நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் இரண்டு சேனலை முன் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் ‘பிரிட்ஜ்’ செய்து, அதாவது ஒன்றாக இணைத்து, ஒரு சின்ன சப்வூஃபரை ஓட்டலாம். தனி ஆம்ப்ளிஃபயர் காசு மிச்சம்.

ஆம்ப்ளிஃபயரே கூட முதல் நாளில் அவசியமில்லை. வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. அதனால் ஸ்பீக்கர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் ‘சென்சிடிவிட்டி’ (ஒரே அளவு வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்) எவ்வளவு என்று பாருங்கள். 87 டெசிபலுக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்தால், அதே ஸ்டீரியோவில் இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுத்த பலன் கிடைக்கிறது. இதற்குத் தனியாகக் காசு கிடையாது. காரோடு வரும் ஸ்டீரியோ ஒரு சேனலுக்கு உண்மையில் 15, 20 வாட்ஸ்தான் தரும் என்பதால் உங்களுக்கு இது முக்கியம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 300, 500 வாட்ஸ் எல்லாம் ‘பீக்’ கணக்கு, ஒரு கணம் மட்டும் தொடும் உச்சம். தொடர்ந்து தாங்கும் அளவைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

கொட்டேஷனில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி டேம்பிங்தான். ஆனால் நான்கு கதவு வேண்டாம், முன் கதவு இரண்டும் போதும்: 4,500. கதவின் உள் அட்டையைக் கழற்றியதும் தெரியும் மெல்லிய தகடு, ஸ்பீக்கர் அதிர அதிர தானும் சேர்ந்து அதிரும். நீங்கள் கேட்கும் கரகரப்பில் பாதி அதனால் இருக்கலாம். அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் (ஒரு வகை ரப்பர்) ஷீட்டை அந்தத் தகட்டில் ரோலரால் அழுத்தி ஒட்டினால், விரலால் தட்டும்போது ‘டங்’ என்றிருந்தது ‘டொப்’ என்றாகிவிடும். ஒட்டும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மழை பெய்தால் கண்ணாடி ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் தண்ணீர் இறங்கும். கதவின் அடியில் இருக்கும் துளைகள் வழியாகத்தான் அது வெளியே போகும். அந்தத் துளைகளை மூடிவிட்டாலோ, மலிவான ஸ்பாஞ்சை ஒட்டி அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டாலோ, கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். தார் ஷீட் என்றாலும் வேண்டாம், வெயிலில் நாறும்.

ஆக என் யோசனை இது. தீபாவளி போனஸ் 40,000 வரட்டும். முன் காம்போனென்ட் 18,000, முன் கதவு டேம்பிங் 4,500, கூலி 1,500: மொத்தம் 24,000. ரொக்கமாகக் கொடுங்கள். மீதி 16,000 அவசர நிதிக்கு. மாதம் மிஞ்சும் 5,200-ஐயும் அதிலேயே போடுங்கள், வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி.யாகப் போட்டால் கை வைக்கத் தோன்றாது. அடுத்த தீபாவளிக்குள் கையில் 1.48 லட்சம் இருக்கும், எஸ்.ஐ.பி.யும் தடையில்லாமல் ஓடியிருக்கும். அந்த வருட போனஸில் ஆம்ப்ளிஃபயரையும் சப்வூஃபரையும் பற்றி யோசிக்கலாம். முன் கதவு வேலை முடிந்ததுமே போதும் என்று தோன்றிவிடவும் வாய்ப்பு அதிகம். அப்படித் தோன்றினால் நல்லது, அங்கேயே நில்லுங்கள்.

காசோடு சம்பந்தப்பட்ட மூன்று விஷயங்களை மறக்க வேண்டாம். ஒன்று, வாரண்டி. கம்பெனி வயரை வெட்டிவிட்டால், பிறகு எலக்ட்ரிக்கல் கோளாறு எது வந்தாலும் சர்வீஸ் சென்டரில் அதைக் காட்டியே கைவிரிக்க முடியும். உங்கள் காருக்கான கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வயரை வெட்டாமல் அதை வைத்து இணைக்கச் சொல்லுங்கள். இரண்டு, இன்ஷூரன்ஸ். நாமாக மாட்டும் சாதனங்களுக்கு சாதாரண பாலிசியில் பாதுகாப்பு இல்லை. அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியமும் ஜி.எஸ்.டி.யும் கட்டிச் சேர்க்கலாம். 24,000-க்கு வருடம் சுமார் 1,130 ரூபாய். திருட்டு, விபத்துக்குக் கிடைக்கும், சாதனம் தானாகக் கெட்டுப்போனால் கிடைக்காது. கதவுக்குள் இருக்கும் ஸ்பீக்கருக்கு இது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். டிக்கியில் சப்வூஃபர் வந்த பிறகு சேருங்கள். மூன்று, கழற்றும் பழைய ஸ்பீக்கர்களைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். காரை விற்கும் அன்று அவற்றை மாட்டிக் கொடுத்துவிட்டு, புதியவற்றை அடுத்த காருக்கு எடுத்துப் போகலாம்.

பிற்பாடு ஆம்ப்ளிஃபயர் போடும் நாள் வந்தால், பவர் வயர் முழுச் செம்பா, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதா என்று கேளுங்கள். பூசியது விலை குறைவு, அதே தடிமனில் சூடும் அதிகம். பேட்டரியை ஒட்டி, ஓர் அடி ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அதைப் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள். மாடல் எண், ஆர்.எம்.எஸ். வாட்ஸ், வயர் வகை மூன்றையும் ஜி.எஸ்.டி. பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.