எழுபதாம் நாள் பூவுக்கு டானிக் எதற்கு?

கேள்வி: ஐயா, திண்டிவனத்துக்குப் பக்கத்துல செம்மண் கொல்லை ரெண்டு ஏக்கர், போர் தண்ணி. தை 10-ல மல்லாட்டை, அதான் நிலக்கடலை போட்டேன். பங்குனி 23-ஓட 72 நாள் ஆச்சு. வெயில் ஏற ஏற பூ எல்லாம் வாடி உதிருது. மதியம் செடி துவண்டு போவுது. பூவுல இருந்து மண்ணுக்குள்ள இறங்கிக் காயாகிற விழுது இருக்கே, வெளியில தெரியறதுல பாதி மண்ணுல இறங்காம முனை கருகி நிக்குது. வரப்போரம் இலை நெருப்பு பட்ட மாதிரி இருக்கு. மருந்துக் கடையில பூ உதிராம இருக்க ஒண்ணு, காய் பருக்க ஒண்ணு, கால்சியம் ஒண்ணுன்னு மூணு பாட்டில் 2,850 ரூபாய்க்கு எழுதித் தந்திருக்காங்க. கூடவே ஏக்கருக்கு 25 கிலோ பொட்டாஷ் தூவச் சொல்றாங்க. அடியுரத்தோட ஜிப்சம் ரெண்டு மூட்டை போட்டேன், அப்புறம் போடல. கடைசி மாசம் தண்ணி நிறுத்தினாத்தான் பருப்பு முத்தும்னு பக்கத்துக் கொல்லைக்காரர் சொல்றார். போன வருஷம் சித்திரை மழையில பாதிக் காய் மண்ணுக்குள்ளயே முளைச்சிடுச்சு. எந்த பாட்டிலை முதல்ல அடிக்கலாம்?

பதில்: மூன்றையும் வாங்க வேண்டாம். பாக்கியை மண்ணுக்குள் இருக்கும் காயை வைத்துப் பேசலாம். உங்கள் கடிதம் முழுக்கப் பூவும் இலையும்தான் இருக்கிறது. காயைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?

முதலில் பூக் கணக்கு. பூ விரிந்து கருவுற்றதிலிருந்து விழுது மண்ணைத் தொட எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். மண்ணுக்குள் போன விழுது முற்றிய காயாக இன்னும் ஐம்பத்தைந்து, அறுபது நாள் வேண்டும். 105 முதல் 110 நாளில் பிடுங்கப்போகும் கொத்து ரகத்தில் (கொடியாகப் படராமல் நிற்பது) 45-ஆம் நாளுக்குள் வந்த பூதான் மூட்டைக்கு வரும். இன்று உதிரும் பூ உதிராமல் நின்று காயானாலும், நீங்கள் பிடுங்கும் அன்று அது பால் பிடிக்காத பிஞ்சுதான். செடி தேவைக்கு மேல் பூக்கிற பயிர் இது. நல்ல பருவத்திலேயே நூறு பூவில் பதினைந்து இருபதுதான் முற்றிய காயாகும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது மகரந்தம் கெட்டு இன்னும் குறையும். 30-ஆம் நாளில் இப்படி உதிர்ந்தால் கவலைப்படலாம். 72-ஆம் நாளில் உதிர்வதற்கு மருந்து விற்பது, பந்தி முடிந்தபின் இலை போடுகிற வேலை.

பூ நேரத்துக்கு ஒரு தெளிப்பு உண்டு, அடுத்த பட்டத்துக்குக் குறித்து வையுங்கள். ஒரு ஹெக்டேருக்கு டிஏபி 2.5 கிலோ, அம்மோனியம் சல்பேட் 1 கிலோ, போராக்ஸ் அரை கிலோ மூன்றையும் 37 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் தெளிவாக 32 லிட்டர் வடித்து, 500 லிட்டராக்கி, பிளானோபிக்ஸ் என்ற வளர்ச்சி ஊக்கி 350 மில்லி சேர்த்து 25-ஆம் நாளும் 35-ஆம் நாளும் அடிப்பது. இல்லையென்றால் வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலக்கடலை ரிச் என்ற சத்துக் கலவை, ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில், 35-ஆம் நாளும் 45-ஆம் நாளும். இரண்டில் ஒன்று போதும். நாள் தாண்டினால் இரண்டும் வீண்.

கால்சியம் பாட்டிலுக்கு வருகிறேன், ஏனென்றால் மூன்றில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். கடலைக் காய்க்குக் கால்சியம் தேவை என்பது உண்மை. ஆனால் அது இலையிலிருந்து காய்க்குக் கீழே இறங்காது. வேரிலிருந்தும் காய்க்கு வந்து சேராது. வேர் எடுக்கும் கால்சியம் நீராவிப்போக்கோடு மேலே இலைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும், திரும்பிவரும் வழி அதற்குக் கிடையாது. மண்ணுக்குள் இருக்கிற காய் நீரை ஆவியாக விடுவதில்லை, அதனால் அந்த ஓட்டமும் அதன் பக்கம் திரும்பாது. விழுதும் இளங்காயும் தன்னைச் சுற்றியுள்ள மண்ணீரிலிருந்து, தன் தோல் வழியாகவே கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மேல் மண் இரண்டு மூன்று அங்குலத்தில் கால்சியமும் இருக்க வேண்டும், அதைக் கரைக்க ஈரமும் இருக்க வேண்டும். இதில் எது இல்லாவிட்டாலும் பருப்பு இல்லாத பொக்குக் காய்தான். இலையில் அடிக்கிற கால்சியம் இலையோடுதான் நிற்கும். கமிட்டிக்கு, அதாவது விற்பனைக் கூடத்துக்கு, இலையை மூட்டை கட்டி எடுத்துப் போவீர்களா?

பொட்டாஷும் அப்படித்தான். இப்போது தூவினால் அது நேராகக் காய் இருக்கும் மேல் மண்ணில் நிற்கும், கால்சியத்தோடு போட்டி போட்டுப் பொக்கைக் கூட்டும். பொட்டாஷின் இடம் அடியுரம்.

மேல் மண்ணுக்குக் கால்சியம் தருவது ஜிப்சம். ஏக்கருக்கு 160 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்று மேல். பாதி அடியில், பாதி 40 முதல் 45 நாளுக்குள் இரண்டாம் களை கொத்தும்போது தூவி மண் அணைக்க வேண்டும். நீங்கள் போட்டது ஏக்கருக்கு ஒரு மூட்டை, அதுவும் உழவில் ஆழமாய்ப் போயிருக்கும். இப்போது போட்டால் முழுப் பலன் கிடைக்காது. இளங்காய் கால்சியத்தை அதிகமாய் இழுப்பது மண்ணில் இறங்கிய முதல் மூன்று நான்கு வாரத்தில். முதல் அடுக்குக் காய்க்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. 50-ஆம் நாளுக்குமேல் இறங்கியவை இன்னும் வாங்கிக்கொள்ளும். அவற்றுக்காக ஏக்கருக்கு இரண்டு மூட்டை, கட்டி இல்லாத பொடியாகப் பார்த்து, பனி காய்ந்தபின் பிற்பகலில் வீசுங்கள். காலையில் வீசினால் ஈர இலையில் ஒட்டிக்கொள்ளும். தூவிய அன்றே தண்ணீர் கட்டுங்கள். களைக்கொத்தியை உள்ளே எடுத்துப் போகாதீர்கள், மண் அணைக்கவும் வேண்டாம். இறங்கிய விழுதை இப்போது அசைத்தால் அறுந்துவிடும்.

ஜிப்சம் என்று சுண்ணாம்புக்கல் தூளைத் தள்ளிவிடுகிற கடையும் உண்டு. ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு, மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். ஜிப்சம் நுரைக்காது.

செடியைப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னேனே, அதை இப்போது செய்யுங்கள். பருத்த காய் பத்தை உடைத்து, பருப்பை இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் முளையைப் பாருங்கள். அது கறுத்திருந்தாலோ, கூடு பெரிதாகவும் பருப்பு இல்லாமலும் இருந்தாலோ கால்சியக் குறை. முளை வெள்ளையாகவும் பருப்பு கூட்டை நிரப்பியும் இருந்தால், மேலே பூ எவ்வளவு உதிர்ந்தாலும் தூங்குங்கள்.

விழுது முனை கருகுவது வெயிலின் வேலைதான், ஆனால் மேலிருந்து அல்ல, கீழிருந்து. மேல் மண் காய்ந்து ஓடு கட்டி, பகலில் காலை வைக்க முடியாமல் சுடும். அந்த ஓட்டில் மென்மையான முனை குத்தி இறங்க முடியாமல் வெந்துபோகிறது. இதற்கு மருந்து தண்ணீர், அதுவும் சரியான இடைவெளியில். உங்கள் செம்மண்ணுக்குச் சித்திரை வரை ஏழு எட்டு நாளுக்கு ஒரு தண்ணீர். பத்து நாளுக்கு ஒரு தடவை வாய்க்கால் நிரம்பக் கட்டுவதைவிட, ஏழு நாளுக்கு ஒரு தடவை மேலாகக் கட்டுவது காய்க்கு நல்லது. மழைபோல் தூவும் துளைக் குழாயான ரெயின் ஹோஸ் இருந்தால் இரவில் ஓட்டுங்கள். பகல் காற்றில் நிறைய ஆவியாகிவிடும்.

மதியம் துவள்வதைப் பார்த்துத் தண்ணீர் கட்டாதீர்கள். வேர் தருவதைவிட வெயில் அதிகம் இழுக்கும் நேரத்தில் எந்தச் செடியும் துவளும். மாலையிலும் ஏமாறலாம், கடலை இலை இரவுக்குத் தானாகவே மடியும். காலை எட்டு மணிக்குப் போங்கள். அப்போதும் இலை விறைப்பாக விரியாமல் இருந்தால் அன்றே தண்ணீர். விரிந்திருந்தாலும் விரலால் இரண்டு அங்குலம் தோண்டுங்கள், மண் உருண்டை பிடிக்காவிட்டால் அன்றே தண்ணீர். செடி தாங்கும், காய் தாங்காது.

வரப்போரம் எரிந்ததுபோல் இருப்பதை வெயில் என்று விட்டுவிடாதீர்கள். வறண்ட வெயிலில் பெருகுவது சுருள் பூச்சி. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பழுப்புத் திட்டுக்குள் கருந்தலைப் பச்சைப் புழு தெரிந்தாலோ, இரண்டு இலை ஒன்றாய் ஒட்டியிருந்தாலோ அதுதான். ஒரு மீட்டர் வரிசைக்கு ஒரு புழுவுக்கு மேல் இருந்தால் வேப்பங்கொட்டைச் சாறு ஐந்து சதம், இலையின் அடியிலும் படும்படி. ரெயின் ஹோஸ் ஓடும் கொல்லையில் இது பெருகுவது குறைவு. கடுமையாக இருந்து ரசாயன மருந்துக்குப் போனால், அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதை லேபிளில் படித்துவிட்டு வாங்குங்கள். கடலைக் கொடியை மாடு தின்னப்போகிறது.

கடைசி மாதம் தண்ணீர் நிறுத்தச் சொல்கிற பக்கத்துக் கொல்லைக்காரர் நல்லவர்தான், சொல்வது தப்பு. பருப்பு எண்ணெய் கட்டுவது அந்த மாதத்தில். அப்போது வறண்டால் பருப்பு சுருங்கும், சூடான வறண்ட மண்ணில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம் காய்க்குள் நுழைந்து அஃப்ளடாக்சின் நஞ்சை வைக்கும். கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் போகாது, செக்கில் ஆட்டினாலும் புண்ணாக்கோடு மாட்டுக்குப் போய்ச் சேரும். 95-ஆம் நாள் வரை தண்ணீரை விடாதீர்கள்.

பிடுங்கும் நாளைக் காலண்டரில் பார்க்க வேண்டாம். தையில் குளிருக்கு மெதுவாய் முளைத்த செடி, சித்திரை வெயிலில் ஓடும். ரகத்தின் நாள் கணக்கு அதனால் முன்பின் ஆகும், அதிலும் லேபிள் இல்லாத மூட்டையில் வாங்கிய விதை என்றால் என்ன ரகம் என்றே தெரியாது. 95-ஆம் நாளிலிருந்து மூன்று நாளுக்கு ஒரு தடவை, கொல்லையின் ஐந்து இடத்தில் ஒவ்வொரு செடி பிடுங்கி, பருத்த காய் நூறு எடுத்து, தோட்டை உடைத்து உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. பழுப்பும் கறுப்புமாக எழுபது எழுபத்தைந்து வந்துவிட்டால் பிடுங்கலாம்.

மழை பயத்துக்கும் இதே கணக்குதான். ஐம்பதுதான் கறுத்திருக்கிறது, மேகம் கூடுகிறது என்றால் பொறுங்கள். அந்த மழை உங்களுக்கு ஒரு தண்ணீர் மிச்சம். எழுபதைத் தாண்டிவிட்டது என்றால், அக்னி நட்சத்திரத்து இடிமேகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் தள்ளிப்போடாதீர்கள். கொத்து ரகங்களில் பலவற்றுக்கு, விதை முளைக்காமல் கிடக்கும் உறக்கக் காலம் கிடையாது, முற்றிய காய் நனைந்தால் நான்கைந்து நாளில் மண்ணுக்குள்ளேயே முளைவிடும். போன வருடம் உங்களுக்கு நடந்தது மழையின் குற்றம் பாதி, தாமதத்தின் குற்றம் பாதி. தாமதித்தால் விழுதுக் காம்பும் இற்றுப்போய்ப் பாதிக் காய் மண்ணில் நின்றுவிடும். ஆள் கிடைக்காத நாளில் அதைத் தோண்டி எடுக்கும் கூலி காயின் விலைக்கு வந்துவிடும்.

மண் இறுகியிருந்தால் பிடுங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன் லேசாக ஒரு தண்ணீர். பிடுங்கிய செடியை மண் உதறி, காய் மேலே வரும்படி கவிழ்த்து வரிசையாகப் போடுங்கள், குவிக்காதீர்கள். குவித்த ஈரச் செடி ஒரே இரவில் சூடேறும். இரண்டு மூன்று நாளில் மிஷினில் ஆய்ந்துவிட்டுக் காயை இரண்டு அங்குலக் கனத்துக்குமேல் போகாமல் களத்தில் பரப்பிக் கிளறுங்கள். தார் ரோட்டில் போட வேண்டாம், தோல் உரிந்து பருப்பு கசக்கும். விதைக்கு எடுப்பதை உச்சி வெயிலில் நிழலுக்கு மாற்றுங்கள். மாலையில் காய் ஆறிய பிறகே தார்ப்பாய் மூட வேண்டும், சூட்டோடு மூடினால் வியர்த்து நனையும். காயைக் குலுக்கினால் பருப்பு சத்தம் போட்டு, கையில் தேய்த்தால் தோல் கழன்று வந்தால் ஈரம் எட்டு ஒன்பது சதத்துக்கு வந்திருக்கும்.

உடைப்பதற்குச் சுலபம் என்று காயில் தண்ணீர் தெளித்து மிஷினில் விடும் பழக்கம் வியாபாரிகளிடம் இருக்கிறது. பருப்பாக விற்பதாக இருந்தால் அதை உங்கள் களத்தில் அனுமதிக்காதீர்கள். இவ்வளவு பாடுபட்டுக் காய வைத்த காயில் பூசணத்தை நாமே கூப்பிட்டு உட்கார வைக்கிற வேலை அது.

கடைக்குத் திரும்பப் போனால் அந்த மூன்று பாட்டிலின் லேபிளில் என்ன சத்து எத்தனை சதம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இப்படிச் செடி வளர்ச்சியைத் தூண்டும் உயிர்த்தூண்டி என்று விற்பவை 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்துவிட்டன. அளவு எழுதாத பாட்டிலுக்குப் பில் கேளுங்கள், பெரும்பாலும் பாட்டில் அலமாரிக்குத் திரும்பிவிடும். அந்த 2,850 ரூபாயில் நான்கு மூட்டை ஜிப்சத்துக்கு எடுத்துவிட்டு, மீதியைப் பிடுங்குகிற அன்றைக்கு ஆள்கூலிக்கு வையுங்கள்.