எழுபது சதவீதம்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

பொதுவாக்கெடுப்புகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 2008ல் கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தை ரத்து செய்த ‘பிராப் 8’ வாக்கெடுப்பைப் பற்றிப் பேசும் இடத்தில், “பழியைக் கறுப்பினத்தவர் தலையில் கட்டியது அபத்தம்” என்று ஒரே வரியில் கடந்துபோகிறீர்கள். அந்த வரி இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் தன்பாலீர்ப்பாளன். அப்போது லாஸ் ஏஞ்சலிஸில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஓட்டு கிடையாது. ஆனால் இரண்டு மாதம் மாலைதோறும் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் போன் போட்டு ஓட்டுக் கேட்டிருக்கிறேன். நவம்பர் 4 இரவு, ஒபாமா ஜெயித்ததும் கத்திக் கூத்தாடினோம். நள்ளிரவுக்குமேல் அதே நாற்காலிகளில் உட்கார்ந்து அழுதோம். மறுநாள் வாக்குச்சாவடி வாசல் கணிப்பு வந்தது: கறுப்பின வாக்காளர்களில் 70% பேர் எங்களுக்கு எதிராக. பட்டவனுக்குத்தானே பட்டவன் வலி தெரிய வேண்டும்? எங்கள் குழுவில் எல்லோரும் வாய்விட்டுத் திட்டினார்கள். நானும்தான். (குழுவில் இருந்த ஒரே கறுப்பின நண்பர் அந்த வாரத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டார்.) இத்தனை வருஷம் கழித்து அதையெல்லாம் அபத்தம் என்று எழுதுவது சுலபம். எண் எண்தானே சார்? அடிபட்டவன் அடித்தவனைச் சொல்லக்கூடாதா?

ஒரு வாசகர்
ஓக்லண்ட்

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் கடந்துபோனது என் பிழை. உங்கள் அழுகையின்மேல் நின்றுகொண்டு தீர்ப்புச் சொன்னதுபோல இருந்திருக்கும். மன்னிக்கவும். ஆனால் அந்த வரியை நான் திரும்பப் பெறவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாக: 2008 மே மாதம் கலிஃபோர்னிய உச்சநீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்தது. ஜூனிலிருந்து சுமார் 18,000 இணையர் திருமணம் செய்துகொண்டார்கள். திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று மாநில அரசியல் சாசனத்தில் ஒரு வரி சேர்ப்பதற்கான வாக்கெடுப்புதான் பிராப் 8. ஆகவே திருமணம் வேண்டும் என்கிறவர் ‘இல்லை’ என்று குத்த வேண்டும், வேண்டாம் என்கிறவர் ‘ஆம்’ என்று குத்த வேண்டும். (இதை ஒருவருக்குப் போனில் புரியவைக்க நீங்கள் எத்தனை நிமிடம் செலவழித்தீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.) 52.2% ‘ஆம்’ என்று வென்றது.

எண் எண்தானே என்கிறீர்கள். சரி, எண்ணிலிருந்தே தொடங்கலாம். உங்கள் கையிலிருக்கும் அதே கணிப்பை, ஒரு புள்ளியும் குறைக்காமல் எடுத்துக்கொள்கிறேன். வாக்காளரில் கறுப்பினத்தவர் 10%, அவர்களில் 70% ‘ஆம்’. பதிவான வாக்கு ஏறத்தாழ ஒரு கோடியே 34 லட்சம். அப்படியானால் கறுப்பினத்தவர் 13 லட்சத்து 40 ஆயிரம் பேர், ‘ஆம்’ 9 லட்சத்து 38 ஆயிரம், ‘இல்லை’ 4 லட்சத்து 2 ஆயிரம். வித்தியாசம் 5 லட்சத்து 36 ஆயிரம். பிராப் 8 வென்ற வித்தியாசமோ 6 லட்சத்துக்கு வெறும் நானூறு குறைவு. அதாவது, அன்று கலிஃபோர்னியாவில் ஒரு கறுப்பினத்தவர்கூட வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்றாலும் நீங்கள் தோற்றிருப்பீர்கள். நான்கு வரிக் கணக்கு இது. அந்த வாரம் ஆத்திரத்தோடு எழுதியவர்களில் பெரும்பாலோர் இதைப் போட்டுப் பார்க்கவில்லை.

அதே கணிப்பில் வெள்ளையரில் ‘ஆம்’ 49%தான். பாதிக்கும் குறைவு என்பதால் அவர்கள் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் வாக்காளரில் அவர்கள் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல். பெருக்கிப் பாருங்கள்: நாற்பது லட்சம் ‘ஆம்’ ஓட்டுகள். உங்கள் திருமணத்துக்கு எதிராக விழுந்த ஓட்டுகளில் பாதிக்குமேல் அவர்களுடையவை.

அந்த 70 என்ற எண்ணே நிற்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அது வாக்குச்சாவடி வாசலில் மாநிலம் முழுக்க இரண்டாயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டு எடுத்தது. அதில் கறுப்பினத்தவர் சில நூறு பேர். 2009 ஜனவரியில் பேட்ரிக் ஈகன், கென்னத் ஷெரில் என்ற இரண்டு அரசியல் அறிவியலாளர்கள், தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பு ஒன்றுக்காகவே, வேறு கணிப்புகளையும் வாக்குச்சாவடி வாரியான முடிவுகளையும் வைத்து மறுபடி கணக்கிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 58%. அதிகம்தான், ஒளிக்கவில்லை. ஆனால் அவர்கள் இன்னொன்றும் பார்த்தார்கள். வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போகிறவர்களில், எந்த இனமானாலும், 70% ‘ஆம்’. கறுப்பினத்தவரில் தேவாலயம் போகிறவர்கள் அதிகம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கறுப்பினத்தவருக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வேறுபாடு மிஞ்சவில்லை. கட்சி, கொள்கைச் சாய்வு, வழிபாடு, வயது, இந்த நான்கும்தான் ஓட்டைத் தீர்மானித்தன. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் பெருவாரியாக ‘ஆம்’ என்றார்கள். ஆனால் கிழவர்கள் நம்மைக் கெடுத்துவிட்டார்கள் என்று யாரும் முதியோர் இல்லத்து வாசலில் போய்க் கத்தவில்லை.

வலி ஓரிடத்தில், பற்றுப் போட்டது வேறிடத்தில் என்பேன்.

இனி, பட்டவனுக்குத்தானே பட்டவன் வலி தெரிய வேண்டும் என்ற உங்கள் கேள்வி. கடிதத்தில் என்னைச் சற்று நேரம் நிறுத்திவைத்த வரி அது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்த எதிர்பார்ப்பு யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். ஒருபோதும் ஒடுக்கப்படாத, வசதியான புறநகரில் இருந்துகொண்டு ‘ஆம்’ போட்ட ஒரு வெள்ளை தம்பதிக்கு இந்தக் கேள்வி போகவே இல்லை. முந்நூறு வருஷம் அடிவாங்கியவர்களிடம் மட்டும் கூடுதலாக ஒரு நல்லொழுக்கத்தை வரிபோல வசூலிக்கிறோம். கட்டாவிட்டால் துரோகி. அது கரிசனம்போலத் தெரிகிற பாரபட்சம்.

அப்படிக் கேட்டபடியே வரி கட்டியவர்களையும் யாரும் கவனிக்கவில்லை. கறுப்பினத்தவர் உரிமைக்கான பழைய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் கலிஃபோர்னியத் தலைவராக இருந்த ஆலிஸ் ஹஃப்மன் பிராப் 8ஐ வெளிப்படையாக எதிர்த்தார். ஒபாமா திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்று பேசிவந்தாலும் பிராப் 8 வேண்டாம் என்றார். எதிர்த்தரப்பு அவருடைய முதல் பாதிப் பேச்சை மட்டும் எடுத்து விளம்பரமாக்கியது. அந்தக் கெட்டிக்காரத்தனம் உங்கள் தரப்பில் இல்லாமல்போனதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். கறுப்பின, தன்பாலீர்ப்புப் பெண்ணான ஜாஸ்மின் கேனிக் அந்த வாரமே ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ நாளிதழில் எழுதிவிட்டார்: எங்கள் பகுதிக்கு நீங்கள் ஒழுங்காக வரவே இல்லை, வேலையில்லாமல் சிறைக்கும் வீட்டுக்கும் அலைகிறவர்களிடம் திருமண உரிமை ஏன் முக்கியம் என்று பேசவே இல்லை என்று. இரண்டு மாதம் நீங்கள் அழைத்த எண்களில், கறுப்பினத்தவர் நிறைய வாழும் தெற்கு லாஸ் ஏஞ்சலிஸ் எண்கள் எத்தனை? குத்திக்காட்டக் கேட்கவில்லை. பட்டியலைத் தயாரித்தது நீங்கள் இல்லை.

யார் கெடுத்தது என்று தெரிந்தே ஆகவேண்டுமென்றால் அதற்கும் தடயம் உண்டு. டேவிட் ஃபிளெய்ஷர் என்கிற பிரச்சார வல்லுநர் 2010ல் நீண்ட அறிக்கை ஒன்று வெளியிட்டார். கடைசி வாரங்களில் ‘இல்லை’யிலிருந்து ‘ஆம்’ பக்கம் நகர்ந்தவர்கள் யார் என்று தேடிப் போனார். கிடைத்தவர்கள், வீட்டில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் பெற்றோர். அவர்களில் பலர் வெள்ளையர், அதுவும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அவர்களை நகர்த்தியது ஒரு தொலைக்காட்சி விளம்பரம். உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிவிட்டு வரும் சிறுமி அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்கிறாள்: இன்றைக்கு ஒரு ராஜகுமாரன் இன்னொரு ராஜகுமாரனைக் கட்டிக்கொண்ட கதை படித்தோம், நானும் ராஜகுமாரியைக் கட்டிக்கலாம். அம்மா முகம் மாறுகிறது. அவ்வளவுதான். பிள்ளை கெட்டுப்போகும் என்கிற பயத்துக்கு முப்பது விநாடி போதுமாக இருந்தது. அதற்கு உடனே பதில் சொல்லாமல் உங்கள் தலைமை தடுமாறியது. உங்கள் விளம்பரங்களில் தன்பாலின இணையர் முகம் காட்டவே தயங்கினார்கள்.

அப்படியானால் பிராப் 8ஐ ஆதரித்த மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைச் சொல்லலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இங்கே ஒரு வேறுபாடு வேண்டும். மோர்மன் சபையின் தலைமை 2008 ஜூனில் கலிஃபோர்னிய சபைகளில் வாசிக்கச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பியது, பணமும் நேரமும் கொடுங்கள் என்று. கோடிக்கணக்கான டாலர் வந்தது. முடிவெடுத்தவர்கள், கையெழுத்திட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், சபை வாசலில் நின்று கோஷமிடுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கடிதத்தை மறுத்து எழுதியவர்களும், அதற்காகவே சபையைவிட்டு விலகியவர்களும் மோர்மன்களே. ஒரு நிறுவனம் செய்த காரியத்துக்கு முகவரி உண்டு. ‘அவர்கள்’ என்று ஆரம்பித்தால் முகவரி கிடையாது, அது பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போய்ச் சேரும். நவம்பர் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட்வுட்டில் மோர்மன் ஆலயத்தின் முன் நடந்த போராட்டத்தில், ‘பிராப் 8 வேண்டாம்’ என்ற அட்டையைப் பிடித்து நின்ற கறுப்பினத்தவர்களையே இனத்தைச் சொல்லி வைதார்கள் என்று அப்போது எழுதினார்கள். உங்கள் பக்கம் நின்றவனையே உங்கள் பக்கத்தவன் வைதிருக்கிறான்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2017ல் ஆஸ்திரேலியாவில் தன்பாலினத் திருமணம் பற்றித் தபால் வாக்கெடுப்பு நடந்தது. 61.6% ஆதரவு, ஜெயித்தார்கள். ஆனாலும் எதிர்த்து ஓட்டுப்போட்ட 17 தொகுதிகளைத் தேடிப் பிடித்து, அதில் 12 நியூ சவுத் வேல்ஸில், அநேகமாக மேற்கு சிட்னியில் என்று கண்டதும் ‘வந்தேறிகள்’ என்று பேச ஆரம்பித்தார்கள். பிளாக்ஸ்லாண்ட் தொகுதியில் 73.9% எதிர்ப்பு. பராமட்டாவில் 61.6%. நாடு முழுக்க ஆதரவு எவ்வளவோ, அங்கே எதிர்ப்பு அதே எண், விதி விளையாடியதுபோல. பராமட்டா வட்டாரம் எது என்று உங்களுக்குத் தெரியும். ஈழத்தவரும் இந்தியரும் மளிகைக்கடையும் நகைக்கடையும் கோவிலுமாக இருக்கும் பகுதி. அங்கே 38% பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். அந்த முப்பத்தெட்டில் ஒரு தமிழ்ப் பையன் இருந்திருப்பான், அப்பாவுக்குத் தெரியாமல் படிவத்தில் குறியிட்டு உறையை ஒட்டித் தபாலில் போட்டிருப்பான். அடுத்த வாரம் வேலையிடத்தில் அவனைப் பார்த்து ‘உங்க ஆட்கள்தான்…’ என்று ஒருவர் ஆரம்பித்திருந்தால்? அவனுடைய அப்பாவிடமும் பேச முடியாது, அந்த ஆளிடமும் பேச முடியாது.

ஃபிளெய்ஷர் வேறொன்றும் செய்தார். பழிபோட நேரம் இருந்தபோது லாஸ் ஏஞ்சலிஸ் எல்ஜிபிடி மையத்தின் தொண்டர்களோடு, தோற்ற வட்டாரங்களுக்கே போய்க் கதவைத் தட்டினார். ஏன் அப்படி ஓட்டுப்போட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். வாதாடவில்லை. கதவைத் திறந்தவர்கள் தங்கள் கல்யாணத்தைப் பற்றி, குடும்பத்தில் ‘அப்படி’ இருந்த ஒருவரைப் பற்றிப் பேசினார்கள். இந்த முறை உண்மையிலேயே மனதை மாற்றுகிறதா என்பதைக் குறித்து முதலில் வந்த ஆய்வு புனைந்தது என்று தெரிந்து 2015ல் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் புரட்டை அம்பலப்படுத்தியவர்களில் இருவரான டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் மயாமியில் திருநர் உரிமை குறித்து அதே முறையைச் சோதித்து 2016ல் வெளியிட்டார்கள். பத்து நிமிட உரையாடலின் தாக்கம் மூன்று மாதம் கழித்தும் இருந்தது. 2024ல் கலிஃபோர்னியா, பிராப் 8 சேர்த்த அந்த வரியைச் சாசனத்திலிருந்து வாக்கெடுப்பிலேயே நீக்கியது. 62%க்கும் மேல் ஆதரவு. பதினாறு வருஷத்தில் மனம் மாறியிருக்கிறது.

அடிபட்டவன் அடித்தவனைச் சொல்லலாம், தாராளமாக. உங்கள் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது போய் விழுந்த இடத்தில்தான்.

உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போன ஒருவர் இருக்கிறார். நவம்பர் 4 இரவு அவரும் அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்து உங்களோடு அழுதிருப்பார், இல்லையா? ஒரே இரவில் ஒபாமாவுக்காக உங்களைவிடக் கூடுதலாகச் சிரித்து, பிராப் 8க்காக உங்களுக்குச் சமமாக அழுதவர் அவர் ஒருவர்தான். மறுநாளிலிருந்து அந்த அறையில் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவருக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்தால் எழுதுங்கள். தெரியாது என்றால், எனக்கு எழுதுவதற்கு முன்னால் அவருக்கு எழுதிப் பாருங்கள்.