வால்வு சுருக்கத்துக்கு மாத்திரை வருமா? கேள்வி பதில்

சிங்கப்பூரில் இதய மருந்துச் சோதனைகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்ட்டிக் வால்வு குறுகிப்போவதுதான் அயோர்ட்டிக் வால்வு சுருக்கம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள், கேட்டவர்களின் வட்டாரப் பெயரோடு.

ஈசூன்: அப்பாவுக்கு நடுத்தரச் சுருக்கம். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறார். அதுவே வால்வைக் காக்காதா?

காக்கும் என்றுதான் மருத்துவர்களும் நம்பினார்கள், தம்பி. 2008ல் வெளிவந்த 'சீஸ்' ஆய்வில் 1,873 பேர். சிம்வாஸ்டாட்டின், எசெட்டிமைப் என்ற கொழுப்பு மாத்திரைகளைக் கொடுத்ததில் கெட்ட கொழுப்பு நன்றாக இறங்கியது. வால்வோ தன் போக்கில் சுருங்கியது. கொழுப்பு தொடக்கம் மட்டுமே. பிறகு வால்வு இதழின் அணுக்களே எலும்பு கட்டும் அணுக்களைப்போல மாறிச் சுண்ணாம்பைப் படியவிடுகின்றன. ஆனாலும் ரத்தக்குழாய்களுக்கு அந்த மாத்திரை தேவை. நிறுத்திவிடாதீர்கள்.

தேக்கா: சுண்ணாம்பு என்றால் பால், நெத்திலியை விடலாமா?

வேண்டாம்மா, அவற்றால் வருவதில்லை இது. எலும்புத் தேய்வு மருந்தான டெனோசுமாப்கூட 2021ல் வெளியான ஆய்வில் வால்வு விஷயத்தில் பலன் தரவில்லை.

உட்லண்ட்ஸ்: அம்மாவை வால்வு மருந்து ஆய்வில் சேர்க்கச் சொல்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையாம். மனசு ஒப்பவில்லை.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. படிவத்தை நீட்டியபோது எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் இதையே கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு வால்வு மெல்லச் சுருங்கும், இன்னொருவருக்கு மளமளவென்று. மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தால், மெல்லப் போனது மருந்தாலா உடல்வாகாலா என்று சொல்லவே முடியாது. பழைய நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டியபோது ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரை வேலை செய்வதுபோலத்தான் தெரிந்தது. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்ட பிறகே உண்மை வெளிவந்தது. வெறும் மாத்திரை என்றால் கவனிப்பு இல்லை என்று பொருளல்ல: எக்கோ என்ற இதய ஸ்கேன் உண்டு, தேவைப்பட்டால் வால்வு மாற்றும் சிகிச்சையும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அம்மாவுக்குப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

ஜூரோங்: இப்போது நம்பிக்கை எதில்?

லிப்போபுரோட்டீன் (ஏ)யைக் குறைக்கும் முயற்சியில் எனக்கு நம்பிக்கை. அது ரத்தத்தில் இருக்கும் ஒருவகைக் கொழுப்புத் துகள், அளவு பரம்பரையாக வருவது. அது மிகுந்தவர்களுக்கு வால்வு சுருக்கம் வரும் வாய்ப்பு அதிகம். அதைக் குறைக்கும் மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. நம் இந்தியர்களுக்கு இந்தத் துகள் சீனர்களைவிட அதிகம். உங்கள் அளவை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம்.

பிடோக்: அண்ணனுக்குக் கடுமையான சுருக்கம். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. புது மருந்து வரட்டும் என்கிறார்.

காத்திருக்கவே கூடாது! கடுமையான சுருக்கத்தோடு மூச்சு வாங்கினால் வால்வை மாற்றியாக வேண்டும். நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவும் இன்று செய்கிறார்கள். நாளைக் காலையே இதய மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். மயங்கி விழுந்தால் உடனே 995ஐ அழையுங்கள்.