0–100 எத்தனை செக்கன்? கொம்பனிக் கணக்கும் வீதிக் கணக்கும்

தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு, வாங்கப் போகிறவர்களும் வாங்கக் கனவு காண்பவர்களும் ஒரே விடயத்தைத்தான் கேட்கிறார்கள்: விளம்பரத்தில் போடுகிற எண் உண்மையா?

ஒரே காருக்குக் கொம்பனி 0–100 எண்டு 4.8 செக்கன் போட்டிருக்கு. அமெரிக்கச் சஞ்சிகை ஒண்டில 4.3 எண்டு கிடக்கு. ஆர் பொய் சொல்லுறது? (கோண்டாவில்)

இரண்டு பேரும் உண்மை சொல்லியிருக்கலாம். அமெரிக்காவில் அளப்பது 0–60 மைல், அதாவது மணிக்கு 96.6 கிலோமீற்றர் வரை. மிச்சம் 3.4 கிலோமீற்றர் வேகத்தை எடுக்க இந்த வகைக் காருக்குக் கால் செக்கன் அளவில் போகும். சில மனுவல் கார்களில் இரண்டாம் கியர் 60 மைலைத் தாண்டியதும் முடிந்துவிடும். அப்போது 100ஐத் தொடுவதற்குள் இன்னொரு கியர் மாற்ற வேண்டும், வித்தியாசம் இன்னும் கூடும்.

அடுத்தது ‘ரோல் அவுட்’. நேர்கோட்டில் ஓடும் ‘டிராக்’ பந்தயத் திடலில் முன்சக்கரம் ஒளிக்கதிரை விட்டு விலகின பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் கார் ஏறக்குறைய ஓர் அடி, 30 சென்ரிமீற்றர், நகர்ந்து மணிக்கு 5 முதல் 8 கிலோமீற்றர் வேகம் எடுத்திருக்கும். அமெரிக்கச் சஞ்சிகைகள் இந்தப் பழக்கத்தை அப்படியே வைத்திருக்கின்றன. இதில் 0.2 தொடக்கம் 0.3 செக்கன் குறையும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், உங்கள் அரைச் செக்கன் அங்கேயே இருக்கிறது.

சில கொம்பனிகளும் இதே முறையைப் பாவிக்கின்றன. டெஸ்லா மொடல் எஸ் பிளெய்டின் 1.99 செக்கனுக்குப் பக்கத்தில் முதல் அடி கழிக்கப்பட்டது என்ற குறிப்பு உண்டு. மாறாக, போர்ஷே போன்றவர்கள் கையிருப்பு வைத்தே எண் சொல்வார்கள். சஞ்சிகைக்காரர் அளந்தால் பெரும்பாலும் அதைவிட வேகமாகவே வரும்.

ஏஎல் பௌதிகவியல் மறக்காதவர்களுக்கு ஒரு கணக்கு. 100 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 27.78 மீற்றர். ரயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 1 என்றால் கிடைக்கக்கூடிய அதிகபட்ச ஆர்முடுகல் 9.81. வகுத்தால் 2.83 செக்கன். எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தப் பிடிப்பில் இதற்குக் கீழே போகாது. நல்ல ஸ்போர்ட்ஸ் ரயரில் குணகம் 1.1 என்று வைத்தால் 2.57. இதற்கும் குறைந்த எண்ணைக் கண்டால் அடிக்குறிப்பைத் தேடுங்கள்: ரோல் அவுட், விசேட ரயர், அல்லது பசைபோல் ஒட்டும் திரவம் தெளித்த திடல், மூன்றில் ஒன்றாவது இருக்கும்.

ஜப்பான் ஏலத் தாளில 280 பீஎஸ், இங்கிலாந்துப் புத்தகத்தில 276. எஞ்சின் வேறயோ? (சுன்னாகம்)

ஒரே எஞ்சின்தான். பீஎஸ் என்பது மெட்ரிக் குதிரைவலு. 280 பீஎஸ், 276 பிரித்தானியக் குதிரைவலு (எச்பி), 206 கிலோவாட் மூன்றும் ஒன்றே. ஒப்பிடும்போது எல்லாவற்றையும் கிலோவாட்டுக்கு மாற்றிவிடுங்கள்: ஒரு பீஎஸ் 0.7355, ஒரு எச்பி 0.7457.

அந்த 280 எல்லா ஜப்பான் காரிலயும் ஒரே மாதிரிக் கிடக்கே. அது எப்பிடி? (மானிப்பாய்)

உங்கள் சந்தேகம் சரி. 1989 முதல் 2004 வரை ஜப்பானியக் கொம்பனிகள் தங்களுக்குள் ஓர் எழுதாத உடன்பாடு வைத்திருந்தன: உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 பீஎஸ்ஸுக்கு மேல் அறிவிப்பதில்லை. எஞ்சினைக் கட்டினவர்கள் அதில் நிற்கவில்லை. நிசான் ஸ்கைலைன் ஜீரீஆர் ஆர்34 தொழிற்சாலையை விட்டு வரும்போதே 300ஐத் தாண்டியிருந்தது, தாளில் மட்டும் 280. ஆகவே அந்தக் காலத்துக் கார்களில் எண் பொய் என்றாலும் பொய் வாங்குபவர் பக்கம் சாய்ந்த பொய். 180 கிலோமீற்றரில் வேகத்தை வெட்டுவதும் அதே மாதிரி உடன்பாடுதான். நமது வீதிகளில் நிறைந்திருக்கும் 660 சீசீ கார்களுக்கு இதன் சிறிய வடிவம் உண்டு: 64 பீஎஸ், 140 கிலோமீற்றர். டேர்போ வைத்த 660களில், எந்தக் கொம்பனி என்றாலும், பெரும்பாலும் அதே 64ஐக் காண்பது இதனால்தான்.

கூட்டிச் சொன்ன கதைகளும் உண்டு. 1999இல் ஃபோர்ட் மஸ்ராங் கோப்ராவுக்கு 320 குதிரைவலு என்று அறிவித்தார்கள். வாங்கினவர்கள் டைனோவில் (சக்கரத்தை உருளையில் ஓடவிட்டு வலு அளக்கும் கருவி) ஏற்றிப் பார்த்து முறையிட, ஃபோர்ட் விற்பனையை நிறுத்தி, காற்று உள்ளெடுக்கும் மனிஃபோல்டையும் புகைபோக்கிப் பகுதிகளையும் மாற்றிக் கொடுத்தது. மஸ்டா 2001இல் மியாட்டாவின் அமெரிக்க எண்ணை 155இலிருந்து 142க்கும், பிறகு ஆர்எக்ஸ்-8இன் எண்ணை 247இலிருந்து 238க்கும் இறக்கி, விரும்பாதவர்களிடம் காரைத் திருப்பி வாங்க முன்வந்தது. 2005இல் அமெரிக்காவில் எஸ்ஏஈ என்ற வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் சான்றிதழ் முறை வந்தது. வெளிச்சாட்சி ஒருவர் முன்னிலையில் எஞ்சினை ஓட்டினால்தான் அந்தச் சான்று. அது உள்ள எண்ணை வலுவைப் பொறுத்தவரை தாராளமாக நம்பலாம்.

200 பீஎஸ் காரை டைனோவில ஏத்தினன். 166 தான் வந்தது. ஏமாந்திட்டனோ? (நல்லூர்)

இல்லை. கொம்பனி சொல்வது எஞ்சின் கிராங்கில், அதாவது எஞ்சினின் சுழல்தண்டில், எடுத்த வலு. டைனோ அளப்பது சக்கரத்தில். கியர்பெட்டி, டிஃபரன்ஷல், ரயர் எல்லாம் தின்றபின் 12 முதல் 18 சதவீதம் குறைவது வழமை. உங்கள் கார் இழந்தது 17 சதவீதம். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் இன்னும் கொஞ்சம் கூடப் போகும்.

அடுத்த முறை ஏற்றும்போது இவற்றைக் கேளுங்கள். எஞ்சின் ஒயில் முழுச் சூட்டுக்கு வந்ததா? 1:1 விகிதத்துக்குக் கிட்டிய கியரிலா ஓட்டினார்கள்? முன்னுக்கு வைத்த காற்றாடி, டேர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு நேராக நின்றதா? ரயர் காற்று சரியா? மூன்று தடவை ஓட்டி, மூன்றும் 2 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் எண் இறங்கிக்கொண்டே போனால் எஞ்சின் சூடேறுகிறது, அந்தத் தாளால் பயன் இல்லை. தாளில் வெப்பத்துக்கும் காற்றமுக்கத்துக்கும் எந்தத் திருத்தக் காரணி பாவித்தார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். ‘கிராங்க் வலு’ என்று தனியாக ஒரு எண் அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் அது சக்கர எண்ணோடு ஒரு சதவீதத்தைக் கூட்டின ஊகம். விற்பவர் அந்தத் தாளைக் காட்டி விலை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

எங்கட வெயிலுக்கும் எங்கட பெற்றோலுக்கும் அந்த வலு கிடைக்குமோ? (சாவகச்சேரி)

முழுதாகக் கிடைக்காது. கொம்பனி எண் 25 பாகை செல்சியசுக்கும் 99 கிலோபஸ்கால் உலர்வளி அமுக்கத்துக்கும் திருத்தப்பட்டது. சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்தில் 34 பாகை, ஈரப்பதன் 65 சதவீதம் என்று வையுங்கள். நீராவி மாத்திரம் 3.5 கிலோபஸ்கால் இடத்தைப் பிடித்துவிடும். கணக்கைப் போட்டால் டேர்போ இல்லாத எஞ்சினுக்கு ஏறக்குறைய மூன்றரைச் சதவீதம் இழப்பு. 150 பீஎஸ் என்பது 145 ஆகும். இது கடற்கரைக் காற்றை நேரே உறிஞ்சினால். பொனற்றுக்குள் சுழலும் சூட்டுக் காற்றை உறிஞ்சும் ‘திறந்த ஃபில்டர்’ பூட்டியிருந்தால் சத்தம் கூடும், வலு இன்னும் குறையும்.

பெற்றோல்தான் பெரிய விடயம். ஜப்பானில் பிரீமியம் பெற்றோலின் கீழெல்லை 96 ஒக்டேன், செட்டில் கிடைப்பது 98 முதல் 100 வரை. ஜப்பானுக்கென்று செய்த டேர்போ காரின் எண் அந்தப் பெற்றோலில் எடுத்தது. இங்கே வழமையாக அடிப்பது 95. எரிபொருள் கண்டபடி வெடிக்கும் தட்டலை நொக் சென்சர் உணர்ந்து இக்னிஷன் நேரத்தைப் பின்தள்ளும், சில எஞ்சின்களில் டேர்போ அமுக்கமும் (பூஸ்ற்) இறங்கும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், வலு போய்விடும். 92 அடித்தால் கேட்கவே வேண்டாம். முன்பு ஓட்டினவர் 92 அடித்திருந்தால் 95க்கு மாறின உடனே வித்தியாசம் தெரியாது. இரண்டு தாங்கியாவது ஓடவிட்டுப் பிறகு சொல்லுங்கள். காரின் கணினியை வாசிக்கும் ஓபீடி ஸ்கானர் ஒன்றைப் பூட்டி, உள்ளெடுக்கும் காற்றின் வெப்பநிலையையும் இக்னிஷன் பாகையையும் பார்த்தால் எங்கே இழக்கிறீர்கள் என்று தெரியும்.

போத்தலில் விற்கும் ஒக்டேன் பூஸ்டர் பற்றி ஒரு வார்த்தை. ‘5 புள்ளி கூடும்’ என்று எழுதியிருந்தால் 95 நூறாகும் என்று நினைக்காதீர்கள். அந்த வியாபாரத்தில் பத்துப் புள்ளி சேர்ந்தால்தான் ஓர் ஒக்டேன். 95 என்பது 95.5 ஆகும், அவ்வளவுதான்.

தம்பி தன்ர காரில 220 ஓடினதாச் சொல்லுறான். மீற்றரைப் படமும் எடுத்து வச்சிருக்கிறான். (பருத்தித்துறை)

மீற்றர் பொய் சொல்லச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஐநா ஒழுங்குவிதி 39இன்படி வேகமானி குறைத்துக் காட்டக்கூடாது. உண்மை வேகத்தின் பத்தில் ஒன்றோடு 4 கிலோமீற்றரும் கூட்டிக் காட்டலாம். உண்மையில் 197 ஓடின காரும் 220 காட்டலாம். (எந்த வீதி என்று கேட்க விரும்பவில்லை. ஏ9இல் எல்லை 70, அதிவேக வீதியில் 100.)

கொம்பனிகளின் உச்ச வேகத்தில் கேட்க வேண்டியது ஒன்று: இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுத்தார்களா? புகாட்டி ஷிரோன் 2019இல் 490.484 கிலோமீற்றர் தொட்டது ஒரு திசையில் மட்டும், விற்ற காரை 440இல் வெட்டினார்கள். எஸ்எஸ்சி டுவாட்டாரா 2020 ஒக்டோபரில் சராசரி 508.73 என்று அறிவித்தது. காணொளியில் கடந்த தூரத்தையும் நேரத்தையும் ஒப்பிட்டவர்கள் பொருந்தவில்லை என்று காட்டினார்கள். பிறகு கொம்பனியே அந்த வேகத்தை எட்டவில்லை என்று ஒப்புக்கொண்டது. 2021 ஜனவரியில் மறுபடி ஓடிக் கிடைத்தது 455.3.

நூர்பேர்க்ரிங் நேரத்தைப் பார்த்து வாங்கலாமோ? (கொக்குவில்)

வேண்டாம். ஜேர்மனியின் அந்தப் பந்தயச் சுற்றில் 2008இல் நிசான் ஜீரீஆருக்கு 7 நிமிடம் 29 செக்கன் என்று அறிவிக்க, போர்ஷே தானே ஒரு ஜீரீஆரை வாங்கி ஓட்டி 7:54தான் வருகிறது என்றது. ரயர், ஓட்டுநர், வானிலை என்று வாக்குவாதம் முடியவேயில்லை. 2019க்குப் பிறகு வந்த நேரங்கள் 20.832 கிலோமீற்றர் முழுச் சுற்றுக்கு, பழையவை பெரும்பாலும் 20.6க்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் போடுகிறவரை நம்ப வேண்டாம்.

மின்காருக்கு 761 குதிரைவலு எண்டு போட்டிட்டு, உள்ளுக்க 625 எண்டு போடினம்? (இணுவில்)

முதல் வந்த போர்ஷே டைகன் டேர்போ எஸ் பற்றித்தான் கேட்கிறீர்கள். 761 பீஎஸ் என்பது லோஞ்ச் கொன்ட்ரோலில் (முழு வலுவோடு புறப்பட உதவும் முறை) புறப்படும் சில செக்கன்களுக்கு மட்டும். மற்ற நேரத்தில் 625. பற்றரி வெகுவாக இறங்கினால், அல்லது அடுத்தடுத்துப் புறப்பட்டுச் சூடேறினால், எந்த மின்காரிலும் உச்ச வலு குறையும். ஐநா விதி 85இல் ‘30 நிமிட வலு’ என்று இன்னோர் அளவும் உண்டு, அது உச்சத்தைவிட வெகுவாகக் குறைவு. இலங்கையில் மின்காரின் தீர்வை மோட்டாரின் கிலோவாட்டில் தங்கியிருப்பதால், பத்திரத்தில் எந்தக் கிலோவாட் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

அளக்கிற கருவி ஒண்டும் இல்லாமல், கொம்பனி எண் சரியோ எண்டு பார்க்க வழி? (உரும்பிராய்)

உண்டு. காரின் திணிவோடு ஓட்டுநருக்கு 75 கிலோ கூட்டி, 0.386ஆல் பெருக்குங்கள். 100 கிலோமீற்றருக்குத் தேவையான இயக்கசக்தி கிலோயூலில் வரும். அதை அவர்கள் சொல்லும் செக்கனால் வகுத்தால் சராசரி கிலோவாட். அது அறிவித்த உச்ச வலுவின் 45 முதல் 60 சதவீதத்துக்குள் விழ வேண்டும். ரொயோட்டா ஜீரி86: 1240உம் 75உம் 1315 கிலோ, 507 கிலோயூல், 7.6 செக்கன், 67 கிலோவாட். அறிவித்தது 147. விகிதம் 45, நேர்மையான எண். 60ஐத் தாண்டினால் ரோல் அவுட், குறைத்துச் சொன்ன வலு, அல்லது குறைத்துச் சொன்ன திணிவு.

கடைசியது இத்தாலிக் கார்களின் பழைய வியாதி. ‘உலர் திணிவு’ என்றால் பெற்றோல், ஒயில், தண்ணீர் எதுவும் இல்லை. 80 லீற்றர் பெற்றோல் மட்டும் 59 கிலோ. ஒயிலும் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு ஆளை ஏற்றின பாரம். அந்த எண்ணை இந்தக் கணக்கில் போட வேண்டாம், 90 சதவீதம் எரிபொருளோடு கூடிய எண்ணைத் தேடி எடுங்கள்.

கருவி வாங்குவதென்றால் செக்கனுக்குப் பத்துத் தடவை அளக்கும் ஜீபீஎஸ் பெட்டி வேண்டும். பல கைத்தொலைபேசிகள் செக்கனுக்கு ஒரு தடவைதான் அளக்கும், அதில் ஒரு செக்கன் வரை பிழைக்கலாம். ஒரு சதவீதச் சரிவு 5 செக்கன் காரில் ஏறக்குறைய 0.1 செக்கன் மாற்றும், ஆகவே மூடிய திடலில் இரு திசையும் ஓடிச் சராசரி எடுங்கள்.