அதிக கல்லூரி ஃபுட்பால் வீரர்களைத் தரும் மாநிலம் எது? அதைப் பார்த்து ஊர் மாறலாமா?

கேள்வி: மாசசூசெட்ஸில் இருக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு. சிறு வயதிலிருந்தே அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான், கல்லூரியிலும் ஆடியே தீருவேன் என்கிறான். கணவருக்கு டல்லாஸுக்கோ அட்லாண்டாவுக்கோ மாற்றல் கேட்டால் கிடைக்கும். எந்த மாநிலத்திலிருந்து அதிகப் பையன்கள் கல்லூரி அணிகளுக்குப் போகிறார்கள்? அதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பது சரியா?

பதில்: முதல் கேள்விக்குப் பதில் சுலபம். டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, கலிஃபோர்னியா. எஃப்பிஎஸ் என்கிற மேல்மட்டப் பிரிவில் 2025 நிலவரப்படி 136 கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் அவை எடுக்கும் பள்ளி மாணவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இந்த நான்கு மாநிலத்துப் பையன்கள்தான். அண்மை வருடங்களில் பெரும்பாலும் டெக்சஸ் முதலிடம், ஃப்ளோரிடா அதன் பின்னாலேயே. அடுத்த வரிசையில் ஒஹையோ, அலபாமா, லூசியானா, வட கரோலினா, டென்னசி, வர்ஜீனியா வரும்.

ஆனால் இந்தப் பட்டியலில் பாதி வேலையைச் செய்வது மக்கள்தொகை. 2020 கணக்கெடுப்பில் கலிஃபோர்னியாவில் 3.95 கோடிப் பேர், ஜார்ஜியாவில் 1.07 கோடி. கால்வாசியைச் சற்றே தாண்டிய ஜனத்தொகையை வைத்துக்கொண்டு ஜார்ஜியா கலிஃபோர்னியாவுக்கு ஈடுகொடுக்கிறது. தலைக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் ஜார்ஜியா, லூசியானா, அலபாமா, மிசிசிப்பி, ஃப்ளோரிடா ஆகிய தென்கிழக்கு மாநிலங்கள் மேலே வந்துவிடும், கலிஃபோர்னியா கீழே இறங்கிவிடும். நியூயார்க்கில் 2 கோடிப் பேர் இருந்தும் அங்கிருந்து போகிறவர்கள் சொற்பம். நகரத்துப் பள்ளிகள் பலவற்றுக்கு மைதானம் கிடையாது, ஆட வருகிற பையன்களும் குறைவு. ஒரு காலத்தில் ஜோ நமத், ஜோ மொன்டானா, டான் மரீனோ என்று குவார்ட்டர்பேக்குகளை (ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசுபவர்களை) கொடுத்துக்கொண்டே இருந்த மேற்குப் பென்சில்வேனியா, இரும்பாலைகள் மூடிக் குடும்பங்கள் தெற்கே நகர்ந்த பிறகு அந்த இடத்தை இழந்துவிட்டது. ஆட்கள் போன இடத்துக்கு ஆட்டமும் போகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல்லூரிகள் எடுக்கும் வீரர்களைப் பட்டியலிடும் ரெக்ரூட்டிங் தளங்கள் ஒரு பையனை அவன் படிக்கும் பள்ளி இருக்கும் மாநிலத்தின் கணக்கில்தான் எழுதுகின்றன. ஃப்ளோரிடாவில் பிராடென்டன் நகரத்து ஐஎம்ஜி அகாடமி ஒரு விடுதிப் பள்ளி. நாடு முழுவதிலிருந்தும் பெயரெடுத்த வீரர்கள் கடைசி ஒன்றிரண்டு வருடத்துக்கு அங்கே போய்ச் சேருகிறார்கள். அவர்கள் எங்கே வளர்ந்திருந்தாலும் ஃப்ளோரிடா கணக்கில் ஏறிவிடுவார்கள்.

டெக்சஸின் எண்ணிக்கைக்குப் பின்னால் உறுதியான ஏற்பாடு இருக்கிறது. பள்ளி நேர அட்டவணையிலேயே விளையாட்டுக்கு ஒரு பீரியட் உண்டு, எடை தூக்குவதும் உத்தி வகுப்பும் அதில் நடக்கும். கோச்சுகள் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியர்கள். ஆலன் நகரத்துப் பள்ளி மாவட்டம் 2012-ல் 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தைத் திறந்தது. பெரிய பள்ளிகள் இடம்பெறும் 5ஏ, 6ஏ வகுப்புகளில் வசந்தகாலப் பயிற்சிக்கும் அனுமதி உண்டு. வடகிழக்கு மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது.

வசந்தகாலப் பயிற்சியின் மதிப்பு வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை கல்லூரி கோச்சுகளுக்குத் தங்கள் ஆட்டங்களே தலைக்கு மேல் இருக்கும். அவர்கள் பள்ளி பள்ளியாகச் சுற்றி வருவது ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை. அந்த நேரத்தில் டல்லாஸில் இறங்கும் கோச் ஒரே நாளில் ஐந்தாறு பள்ளிகளைப் பார்த்துவிடலாம், எல்லாப் பள்ளியிலும் பையன்கள் ஹெல்மெட்டோடு மைதானத்தில் இருப்பார்கள். உங்கள் ஊர்ப் பையன் அதே மே மாதத்தில் தடகளத்திலோ லக்ராஸிலோ இருப்பான். டெக்சஸுக்குள்ளேயே 13 எஃப்பிஎஸ் கல்லூரிகள் இருப்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஜார்ஜியாவில் அப்படிப்பட்ட கல்லூரிகள் ஐந்துதான். ஆனால் அட்லாண்டாவிலிருந்து காரில் சில மணி நேரத்துக்குள் கிளெம்சன், ஆபர்ன், டென்னசி, அலபாமா எல்லாம் வந்துவிடும். அத்தனை பேரும் அட்லாண்டாவைச் சுற்றியே வேட்டையாடுகிறார்கள். கார்ட்டர்ஸ்வில் ஊர்ப் பையன் ட்ரெவர் லாரன்ஸ் 2018-ல் கிளெம்சனுக்குப் போனது இப்படித்தான். குவினெட் கவுன்டியில் பியூஃபோர்ட், கிரேசன் போன்ற பள்ளிகளின் பெயர் தேசிய அளவில் அடிபடும். ஆல்ஃபரெட்டா பக்கம் நம் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதியை ஒட்டிய மில்டன் ஹைஸ்கூல் 2023, 2024 இரண்டு வருடமும் தன் பிரிவில் மாநில சாம்பியன்.

ஃப்ளோரிடாவும் கலிஃபோர்னியாவும் உங்கள் யோசனையில் இல்லை என்பதால் சுருக்கமாக: தெற்கு ஃப்ளோரிடா வேகத்துக்குப் பெயர்போனது, ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் வைடு ரிசீவரும் அவரைத் தடுக்கும் கார்னர்பேக்கும் அங்கே விளைகிறார்கள். கலிஃபோர்னியாவின் பலம் சான்டா அனாவின் மேட்டர் டே, பெல்ஃபிளவரின் செயின்ட் ஜான் பாஸ்கோ போன்ற சில தனியார் கத்தோலிக்கப் பள்ளிகளில் குவிந்து கிடக்கிறது.

இப்போது இரண்டாவது கேள்வி. மாற்றல் எப்படியும் வரப்போகிறது என்றால் டல்லாஸ், அட்லாண்டா இரண்டுமே நல்ல இடங்கள். ஃபுட்பாலுக்காக மட்டும் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வாய்ப்பு அதிகம் உள்ள இடத்தில் வரிசையும் நீளம் என்பதே முதல் காரணம். கல்லூரிகள் ஒரு பையனைப் பற்றி முடிவெடுப்பது அவன் பதினோராம் வகுப்பில் பள்ளியின் முதன்மை அணியான வர்சிட்டிக்கு ஆடிய ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்து. பயிற்சி வீடியோவுக்கும் ஜேவி என்கிற இரண்டாம் அணியின் வீடியோவுக்கும் அந்த மதிப்பு கிடையாது. மாசசூசெட்ஸில் பத்தாம் வகுப்பிலேயே வர்சிட்டியில் இறங்கக்கூடிய பையன், டெக்சஸின் பெரிய பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை பெஞ்சில் காத்திருக்க நேரலாம். அப்போது பதினோராம் வகுப்பு வீடியோவே இருக்காது.

டல்லாஸின் வடக்குப் புறநகரிலேயே இதைப் பார்க்கலாம். ஆலன் நகரம் முழுவதற்கும் ஒரே ஹைஸ்கூல், சுமார் 5,000 மாணவர்கள், ஒரே வர்சிட்டி அணி. பக்கத்து ஃப்ரிஸ்கோ பள்ளி மாவட்டம் பள்ளிகளைச் சிறிதாக வைத்திருப்பதையே கொள்கையாகக் கொண்டது. அங்கே 12 ஹைஸ்கூல்கள், அதாவது 12 வர்சிட்டி அணிகள், 12 முதல்நிலை குவார்ட்டர்பேக்குகள். பிளேனோவில் மூன்று சீனியர் ஹைஸ்கூல்கள், அவற்றில் 11, 12 வகுப்புகள் மட்டும். சராசரித் திறமையைவிட ஒரு படி மேலே இருக்கும் பையனுக்கு ஃப்ரிஸ்கோ மாதிரி மாவட்டம் ஏற்றது. பதினான்கு வயதிலேயே ஆறடி மூன்றங்குலம் இருக்கும், முன்வரிசையில் மோதும் லைன்மேன் என்றால் ஆலனிலும் இடம் பிடித்துவிடுவான். மாநிலத்தை முடிவு செய்வதைவிட இதை முடிவு செய்வது முக்கியம்.

இரண்டாவது காரணம் விதிமுறை. டெக்சஸின் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யுஐஎல், விளையாட்டுக்காகப் பள்ளி மாறிய மாணவனைக் குறைந்தது ஒரு வருடம் வர்சிட்டியில் ஆட விடாது. வேறு பள்ளியில் ஆடிவிட்டு வரும் மாணவருக்கு ஒரு படிவம் உண்டு. பழைய பள்ளியும் பெற்றோரும் அதை நிரப்பிக் கொடுக்க வேண்டும், மாற்றத்துக்குக் காரணம் விளையாட்டா என்று அதில் நேராகவே கேட்பார்கள். எனவே அலுவலகத்தின் மாற்றல் கடிதம், வாடகை ஒப்பந்தம், பெற்றோர் பெயரிலுள்ள மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். புதிய பள்ளியின் கோச்சிடம் முன்கூட்டியே பேசி, அவர் கூப்பிட்டதால் வந்தோம் என்ற தோற்றம் உண்டாக இடம் கொடுக்காதீர்கள். பள்ளிச் சேர்க்கை விவரங்களை அலுவலகத்திலோ கவுன்சலரிடமோ கேளுங்கள்.

குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அப்பா பழைய ஊர் வீட்டிலேயே இருந்துகொண்டு, அம்மாவும் பையனும் மட்டும் புது ஊரில் அபார்ட்மென்ட் எடுப்பது. ஜார்ஜியாவின் விதிப்படி முழுக் குடும்பமும் இடம் மாறி, பழைய வீட்டையும் காலி செய்திருக்க வேண்டும். டெக்சஸிலும் அரைக் குடும்பம் மாறுவது சந்தேகத்துக்கு வழிவிடும். போவதென்றால் எல்லோருமாக, ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் முன்பே போய்விடுங்கள். நடுவில் மாறினால் சிக்கல் ஒவ்வொரு வருடமும் கூடும்.

படிப்புக் கணக்கையும் இப்போதே தொடங்க வேண்டும். எஃப்பிஎஸ்ஸும் அடங்கிய டிவிஷன் 1-ல் ஆட, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு அங்கீகரித்த 16 பாடங்கள் தேவை: ஆங்கிலம் 4 வருடம், கணிதம் 3, அறிவியல் 2, இவற்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, மற்றவை 4. இவற்றின் சராசரி ஜிபிஏ 2.3-க்குக் குறையக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் 10 பாடங்கள் முடிந்திருக்க வேண்டும், அதில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை 2023 முதல் கேட்பதில்லை. மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்கு 2.3 பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தந்தப் பள்ளிக்கு அங்கீகரிக்கப்பட்ட பாடப் பட்டியல் தனித்தனி, ஊர் மாறும்போது அங்கேதான் இடறும். உங்கள் மகன் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 எடுக்கிறான் என்றால், அது ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் கிரேடோடும் கிரெடிட்டோடும் ஏறியிருந்தால் மட்டுமே கணக்கில் சேரும். மாறிய பிறகு புதுப் பள்ளியின் டிரான்ஸ்கிரிப்டில் அது இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். படித்த ஒவ்வொரு ஹைஸ்கூலும் தன் டிரான்ஸ்கிரிப்டைத் தனியாக அனுப்ப வேண்டியிருக்கும்.

இடங்கள் குறைந்துகொண்டிருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்டில் 10 லட்சம் பையன்கள் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆடுகிறார்கள். எல்லா டிவிஷனும் சேர்த்து என்சிஏஏ கல்லூரிகளில் ஆடப்போவது 100-க்குச் சுமார் 7 பேர், டிவிஷன் 1-க்குச் சுமார் 3 பேர். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஹவுஸ் வழக்குச் (கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கு) சமரசத்துக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளில் 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போய், அணியில் மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் ஒட்டிக்கொள்ளும் வாக்-ஆன் இடங்களுக்கு அடி விழுந்தது அதனால்தான். மேலும், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக ஏற்கெனவே கல்லூரியில் ஆடித் தேறிய 21 வயதுப் பையன் கிடைக்கும்போது, 17 வயதுப் பையனுக்காகக் காத்திருக்கக் கோச்சுகள் தயங்குகிறார்கள். டெக்சஸில் பிறந்தாலும் இதே நிலைதான்.

மகன் அணியில் எந்தப் பொசிஷனில் ஆடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை, அதுவும் விடையை மாற்றும். குவார்ட்டர்பேக்குக்கு டெக்சஸ், ஜார்ஜியா போன்ற இடத்துப் போட்டி உண்மையிலேயே பயன் தரும். ஆஃபென்சிவ் லைன்மேன்களை விஸ்கான்சினும் ஐயோவாவும் தங்கள் பக்கத்து ஊர்களிலிருந்தே உருவாக்கிக்கொள்கின்றன. பந்தை உதைக்கும் கிக்கர், பன்ட்டர், அவர்களுக்குப் பந்தை எறியும் லாங் ஸ்னாப்பர் என்றால் மாநிலம் ஒரு பொருட்டே இல்லை, அவர்களுக்கென்று நடக்கும் தனி முகாம்களில்தான் கல்லூரிகள் ஆள் பார்க்கின்றன.

மாசசூசெட்ஸிலேயே இருந்துவிட்டாலும் கதவு மூடாது. பாஸ்டன் காலேஜ், யுமாஸ் இரண்டும் எஃப்பிஎஸ். ஹோலி கிராஸ், ஹார்வர்ட் அதற்கு அடுத்த எஃப்சிஎஸ் பிரிவு. ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகின்றன. ஆனால் கோச் விரும்பும் மாணவனுக்கு அட்மிஷனில் கிடைக்கும் ஆதரவு பெரிது. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், டஃப்ட்ஸ் போன்ற டிவிஷன் 3 கல்லூரிகளிலும் அப்படித்தான். படிப்பும் வருகிற பையனுக்கு, டெக்சஸின் 6ஏ பள்ளியில் காத்திருப்பதைவிட இது பல நேரம் நல்ல வழி.

எங்கே இருந்தாலும் வேலை ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்பில் என்சிஏஏ தளத்தில் இலவசக் கணக்கு. பத்தாம் வகுப்பு சீசன் முடிந்ததும் ஆட்ட வீடியோக்களைப் போடும் ஹடில் தளத்தில் மூன்று முதல் ஐந்து நிமிட வீடியோ. சிறந்த ஆட்டங்கள் முதல் அரை நிமிடத்திலேயே வர வேண்டும், ஒவ்வொன்றிலும் பந்து நகருமுன் மகனை அம்புக்குறியால் காட்ட வேண்டும். பாட்டு, அலங்காரம் எதுவும் வேண்டாம். பெயர், பட்டம் பெறும் வருடம், உயரம், எடை, ஜிபிஏ, கோச்சின் தொலைபேசி எண் முதல் திரையிலேயே இருக்கட்டும். எடையையும் உயரத்தையும் கூட்டிப் போடாதீர்கள், முகாமில் அளந்ததும் தெரிந்துவிடும். டிவிஷன் 1 கோச்சுகள் பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் அவனுக்குத் தனிப்பட்ட முறையில் எழுத முடியாது. ஆனால் அவன் அவர்களுக்கு எழுதலாம், அவர்கள் நடத்தும் கோடை முகாமுக்குப் போகலாம். பத்தாம் வகுப்புக் கோடையில், அவன் தரத்துக்கு எட்டக்கூடிய மூன்று நான்கு கல்லூரிகளின் ஒருநாள் முகாம்கள் போதும். நூற்றுக்கணக்கான பையன்கள் வரும் பெரிய பெயர் முகாம்கள் பெரும்பாலும் பணம் வசூலிக்கவே நடக்கின்றன.

டல்லாஸோ அட்லாண்டாவோ முடிவாகி, வீடு பார்த்துப் பள்ளியிலும் சேர்த்த பிறகு, அந்தப் பள்ளியின் தலைமைக் கோச்சைச் சந்தித்து மூன்று விஷயம் கேளுங்கள். போன சீசனில் பத்தாம் வகுப்புப் பையன்கள் எத்தனை பேர் வர்சிட்டியில் ஆடினார்கள்? கடந்த மூன்று வருடத்தில் எந்த டிவிஷனாக இருந்தாலும் கல்லூரிக்கு ஆடப் போனவர்கள் யார் யார்? கல்லூரிகளோடு பேசுவதும் வீடியோ அனுப்புவதும் கோச்சுகளில் யார் பொறுப்பு? கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்ல முடியாத பள்ளியில், அந்த வேலையை நீங்களும் மகனும்தான் செய்ய வேண்டியிருக்கும்.